புசல்லாவைக்கு வந்த பின்லாந்துக்காரர்

அவர் சம்பளம் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு முதலில் இடித்தது.

புசல்லாவைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் நான் விளையாட்டு ஆசிரியை. வீடு கண்டியில். வாரத்தில் ஐந்து நாள் நுவரெலியா பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருகிறவள் ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் இருக்கக் கூடாதா என்று என் கணவர் கேட்பார். எனக்கோ ஞாயிற்றுக்கிழமைதான் முக்கியமான நாள். எங்கள் பாடசாலையில் படித்து முடித்த பெண்கள் பதினெட்டுப் பேரைச் சேர்த்து ஒரு உதைபந்தாட்ட அணி நடத்திக்கொண்டிருந்தேன். சிலர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார்கள். சிலர் கம்பளையிலும் கண்டியிலும் துணிக்கடைகளில் வேலை பார்த்தார்கள். எல்லோருக்கும் இருபதையொட்டிய வயது. காலை எட்டு மணிக்குத் தோட்டத்துக் கிரவுண்டில் கூடுவோம். கிரவுண்ட் என்றால் சரளைக்கல் தரை, ஒரு பக்கம் சரிவு. பந்து தேயிலைக்குள் உருண்டு போனால், எடுக்கப் போகிறவள் காலில் அட்டையோடுதான் திரும்புவாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேலே ரோட்டோரத்தில் ஒரு வெள்ளைக்காரர் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேயிலையைப் படம் பிடிக்க நிற்கிறவர்கள் ஐந்து நிமிடத்தில் போய்விடுவார்கள். இவர் படமும் பிடிக்கவில்லை, போகவும் இல்லை. பயிற்சி முடிந்ததும் படியிறங்கி வந்து என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். தான் பின்லாந்து நாட்டுக்காரர், அங்கே பதினைந்து வருடம் முன்கள வீரராக விளையாடிவிட்டுப் பிறகு பயிற்சியாளர் ஆனவர் என்றார். மனைவி பேராதனைப் பக்கம் இரண்டு வருட மண் ஆராய்ச்சிக்காக வந்திருக்கிறாராம். தனக்கு இங்கே வேலை எதுவும் இல்லை, நாங்கள் விரும்பினால் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சொல்லிக்கொடுக்கலாம், பணம் எதுவும் வேண்டாம் என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் பஸ்ஸுக்குக் காத்து நின்று ஏறிப் போனார். வேனும் இல்லாமல் சாரதியும் இல்லாமல் வருகிற வெள்ளைக்காரரை நான் அதுவரை பார்த்ததில்லை. அதுவும் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

நான் பிறவியிலேயே சந்தேகக்காரி அல்ல. இந்த வேலை அப்படி ஆக்கிவிட்டது. ஒருமுறை சப்பாத்துத் தருகிறோம் என்று வந்தவர்கள் பிள்ளைகளை வெறுங்காலோடு வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். சப்பாத்து வரவேயில்லை. ஆங்கிலம் கற்பிக்கிறோம் என்று வந்த இன்னொரு கூட்டம் மூன்றாம் வாரம் ஜெபப் புத்தகங்களை எடுத்து நீட்டியது. எல்லோரையும்விட மோசம், வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்சிக்காரர்கள். அவர்களும் முதல் நாள் பணம் கேட்பதில்லை.

அணியின் கெப்டனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள்தான் எங்கள் முன்கள வீராங்கனை. கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தாள். அவளுடைய அம்மா அதே தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்.

"வந்தா வரட்டுமே டீச்சர். நமக்குச் சொல்லிக் குடுக்க வேற யாரு இருக்கா?" என்றாள்.

அது உண்மைதான். நான் படித்தது வலைப்பந்து. உதைபந்தாட்டத்தைப் புத்தகம் பார்த்துத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் வந்தார். மழை பெய்தாலும் ஒரு ஞாயிறு தவறாமல் வந்தார். பிள்ளைகள் அவரைக் 'கோச் சேர்' என்று கூப்பிட்டார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து ஆட்களுக்கு அவர் 'பந்துத் தொரை'. முதல் மாதம் முழுக்க அவர் கோலுக்கு அடிக்கவே விடவில்லை. பந்து காலில் இல்லாதபோது எங்கே ஓடுவது என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தார். எதிரணிக்காரி பந்தைப் பார்க்கும் அந்த ஒரு நொடியில் அவளுடைய முதுகுக்குப் பின்னால் போய்விட வேண்டும், முன்கள வீரரின் தொழிலே அதுதான் என்றார். நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். சொல்லும்போதே, இந்த மனிதர் எங்கள் முதுகுக்குப் பின்னால் எதற்காக ஓடுகிறார் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது பேராதனைவரை இருவரும் ஒரே பஸ். அந்தப் பயணங்களில் அவர் தன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஏரிக்கரையில் ஒரு சிறிய ஊர். வருடத்தில் பாதி நாள் கிரவுண்ட் பனிக்கு அடியில் கிடக்கும். பனி உருகினால் புல் இருக்காது, இங்கே போலச் சரளைதான். முழங்காலில் இருந்த கறுத்த தழும்புகளைக் காட்டினார். பதினேழு வயதில் பெரிய கழகம் ஒன்றில் சேர்ந்து, இருபத்திரண்டு வயதில் பக்கத்து நாட்டுக்குப் போய் விளையாடினார். அங்கே இரண்டு பருவத்திலும் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். சொந்த நாட்டுக்குத் திரும்பி வேறொரு கழகத்தில் நன்றாக ஆடினார். பிறகு திடீரென்று கீழ்ப் பிரிவு. பகலில் காகித ஆலையில் வேலை, மாலையில் ஆட்டம். முழங்கால் போனது. பயிற்சியாளர் சான்றிதழ் எடுத்து ஒரு சின்ன ஊரில் பெண்கள் அணியைப் பார்த்துக்கொண்டார்.

கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நன்றாக ஆடிய மனிதர் ஏன் திடீரென்று கீழ்ப் பிரிவுக்குப் போனார் என்று நான் கேட்டபோதெல்லாம் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒருமுறை, "அந்த ஊரில் இருக்க முடியவில்லை" என்றார். இன்னொருமுறை, "வயதாகிவிட்டது" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்போது அவருக்கு இருபத்தெட்டு.

வீட்டில் உட்கார்ந்து அவருடைய பெயரை ஃபோனில் தேடினேன். அதே பெயரில் ஒரு பல் வைத்தியர் வந்தார், ஒரு தச்சர் வந்தார், மீனோடு நிற்கும் ஒரு கிழவர் வந்தார். உதைபந்தாட்டக்காரர் ஒருவரும் வரவில்லை. எழுத்தை மாற்றிப் போட்டுத் தேடினேன். நாட்டின் பெயரையும் சேர்த்துத் தேடினேன். ஒன்றுமில்லை. பதினைந்து வருடம் விளையாடிய மனிதரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் இருக்குமா? கணவரிடம் காட்டினேன். நேரடியாக அவரிடமே கேட்டுவிடு என்றார். நான் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் ஒரு கட்டுக் கடதாசிகளோடு வந்தார். ஆளுக்கு ஒன்று கொடுத்தார். முழுப் பெயர், பிறந்த தேதி, விலாசம், ஒரு போட்டோ ஒட்ட இடம். மேலே பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் 'பிளேயர் பாஸ்போர்ட்' என்று அச்சடித்திருந்தது. அடுத்த வாரம் எல்லோரும் போட்டோவோடு வர வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். எங்கள் நாட்டில் இது இல்லாமல் யாரும் ஆட முடியாது என்றார். பஸ் வந்துவிட்டது. அன்றைக்கு அவர் மனைவிக்காக நேரத்தோடு போக வேண்டியிருந்ததால் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை பாடசாலை வாசலில் கெப்டனின் அம்மா நின்றிருந்தார். வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். ஒரு நாள் பேர் விழாமல் கூலி போனாலும் பரவாயில்லை என்று வந்திருக்கிறார் என்றால் விஷயம் சின்னதல்ல.

"டீச்சர், அந்தத் தொரை புள்ளைகளுக்குப் பாஸ்போட்டு எடுக்கப் போறாராமே?"

அது வேறு மாதிரிப் பாஸ்போர்ட்டாக இருக்கும் என்று சொன்னேன். என் குரலில் உறுதி இல்லாததை அவர் கேட்டுவிட்டார்.

"எங்க நாத்தனாகிட்டயும் இப்புடித்தான் போட்டோ கேட்டாங்க. ரெண்டு போட்டோவும் பொறந்த தேதித் துண்டும் வாங்கிட்டுப் போனாங்க. பதினெட்டு வயசுப் புள்ளைக்கு இருவத்தஞ்சுன்னு போட்டு அனுப்பிட்டாங்க. நாலு வருசம் கழிச்சு வந்தா. இன்னும் சரியாப் பேச மாட்டா." சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நீங்க சொல்லுங்க டீச்சர். அந்த ஆளு யாரு?"

அந்த இடத்தில் நான் செய்ததை இன்றுவரை மாற்றிச் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரியாது, அடுத்த ஞாயிறு அவரிடமே கேட்போம் என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, அவர் சொல்லும் பெயரில் பின்லாந்தில் எந்த விளையாட்டு வீரரும் இல்லை, நானே தேடிப் பார்த்துவிட்டேன் என்றேன்.

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு எல்லா லயத்துக்கும் போய்விட்டது. போகப் போகக் கூடியும்விட்டது. பொய்ப் பெயரில் திரிகிறவர், பேராதனையில் மனைவி என்று யாருமே இல்லை என்றார்கள். ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தோட்டத்தில் இப்படித்தான் மூன்று பெண்கள் போய்விட்டார்கள் என்றும் யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று விசாரித்தால், எல்லோரும் இன்னொருவரைக் காட்டினார்கள். நான் விசாரித்ததே, என்னைக் காட்டுகிறார்களா என்று பார்க்கத்தான்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது, போகவில்லை. உண்மையில் காய்ச்சல் இல்லை. பத்து மணிக்குப் பொலிஸ் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். தோட்டத்து வாலிபர்கள் சிலர் அவரை பஸ் நிறுத்தத்திலேயே மறித்து, கடவுச்சீட்டைக் கேட்டு, பிறகு மரியாதையாகவே கூட்டிக்கொண்டு போய்ப் பொலிஸில் விட்டிருக்கிறார்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டும், டீச்சர் வர முடியுமா என்று கேட்டார்கள்.

நான் போனபோது அவர் மரக் கதிரையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு கிளாஸ் தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது. மனைவியும் வந்து சேர்ந்திருந்தார். ஆராய்ச்சிக் கடிதம், விசா, திருமணச் சான்றிதழின் பிரதி எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்திருந்தார். பொறுப்பதிகாரி நிதானமான மனிதர். பாஸ்போர்ட் என்று எழுதிய கடதாசியைக் காட்டி விளக்கம் கேட்டார். பின்லாந்தில் விளையாட்டு வீரர்கள் எல்லோரும் வருடாவருடம் எடுக்கும் அனுமதி அட்டைக்கு அவர்கள் மொழியில் அப்படி ஒரு சொல்லாம், அடிபட்டால் காப்புறுதியும் அதில்தானாம். அதை அவர் ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் போட்டிருக்கிறார். இங்கே அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான்.

பிறகு அதிகாரி, இவர் விளையாட்டு வீரரே இல்லை என்று ஒரு பேச்சு இருக்கிறதே என்றார். நான் மொழிபெயர்த்தேன். என் வாயாலேயே மொழிபெயர்த்தேன். அவர் மனைவியைப் பார்த்தார். கல்யாணத்தின்போது மனைவியின் குடும்பப் பெயருக்கு மாறிவிட்டதாகவும், விளையாடியது பழைய பெயரில் என்றும் சொல்லி, அதை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார்.

அதிகாரி தன் ஃபோனில் அதைப் போட்டுத் தேடினார். மஞ்சள் முடியோடு ஒரு வாலிபன் கையை உயர்த்திக்கொண்டு ஓடும் படம் வந்தது. அதே மூக்கு, அதே நீண்ட கால்கள். எனக்கு முகத்தில் சூடேறியது. ஆனால் அதற்குக் கீழே வேறு செய்திகளும் வந்தன. புரியாத மொழியை ஃபோனே ஆங்கிலமாக்கிக் கொடுத்தது. பந்தயக்காரர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு ஒரு ஆட்டத்தில் தோற்றுக் கொடுத்ததாக அவருடைய அணி வீரர்கள் இருவருக்குத் தண்டனை. விசாரிக்கப்பட்டவர்களில் மூன்றாவது பெயர் இவருடையது. குற்றம் எதுவும் இல்லையென்று விட்டுவிட்டார்கள் என்றும் இருந்தது.

அதிகாரி ஃபோனை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு அணைத்தார். எழுதுவதை எழுதி, கையெழுத்து வாங்கினார். வெளியே வரும்போது என்னிடம் மட்டும் சிங்களத்தில், ஆள் பந்தடித்தவர்தான், மற்றதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அன்று மாலை பழைய பெயரில் தேடி அந்த ஆட்டத்தின் துண்டுக் காட்சியைக் கண்டுபிடித்தேன். நாற்பது நொடிகூட இல்லை. பந்து பக்கவாட்டிலிருந்து வருகிறது. கோல்காப்பாளர் விழுந்து கிடக்கிறார். முன்னால் ஆளில்லாத கோல். அவர் அடிக்கிறார், பந்து கம்பத்துக்கு வெளியே போகிறது. அவர் தலையைப் பிடித்துக்கொள்ளவில்லை. சும்மா நிற்கிறார். எத்தனை தடவை பார்த்தேனோ தெரியாது. ஒருமுறை பார்த்தால் கால் வழுக்கியதுபோல் இருந்தது. அடுத்தமுறை பார்த்தால் வழுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். பிள்ளைகள்தான் வரவில்லை. பதினெட்டில் நான்கு பேர். கெப்டன் வந்திருந்தாள், அவள் அம்மா கிரவுண்ட் மேட்டில் குடையோடு உட்கார்ந்திருந்தார். பின்லாந்துக்காரர் எதுவும் நடக்காததுபோல் அந்த நான்கு பேரையும் சதுரமாக நிற்கவைத்துப் பந்தைத் தட்டவைத்தார். இடைவேளையில் நான் கேட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அந்தக் கோலை வேண்டுமென்றே விட்டீர்களா?"

அவர் சப்பாத்திலிருந்து ஒரு சரளைக்கல்லை எடுத்து எறிந்தார். எதிர்பார்த்த கேள்வி மாதிரித்தான் இருந்தது.

"பணம் வாங்கவில்லை," என்றார். "ஆனால் அந்த இரண்டு பேரும் என்ன செய்யப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். உடை மாற்றும் அறையில் காதில் விழுந்தது. ஒருவன் என்னோடு சின்ன வயதிலிருந்து விளையாடியவன். நான் யாரிடமும் சொல்லவில்லை. பந்து என் காலுக்கு வந்தபோது, இதை அடித்தால் இவர்களுக்கு என்ன ஆகும் என்று யோசித்தேன். அரை நொடி இருக்கும். பிறகு அடித்தேன். வெளியே போனது. அது வேண்டுமென்றே விட்டதா இல்லையா என்று எனக்கே தெரியாது."

அதன்பின் அந்த ஊரில் அவர் கடைக்குப் போனால் சீட்டி அடித்திருக்கிறார்கள். பொலிஸ் விட்டுவிட்டது, ஊர் விடவில்லை. கீழ்ப் பிரிவுக்குப் போனதும் பெயரை மாற்றியதும் அதனால்தான்.

கெப்டன் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். "சேர் என்ன சொல்றாரு டீச்சர்?"

மழுப்பியிருக்கலாம். மழுப்பாமல் முழுவதையும் தமிழில் சொன்னேன். மேட்டில் இருந்த அம்மாவுக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். கெப்டன் பந்தைக் காலால் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நானா இருந்தாலும் யோசிச்சிருப்பேன் டீச்சர்," என்றாள். பிறகு, "ஆனா உள்ள அடிச்சிருப்பேன். சேர்கிட்ட சொல்லுங்க."

சொன்னேன். அவர் அவளை நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினார். "அதுதான் சரி," என்றார். எழுந்து போய்ப் பந்தை நடுவில் வைத்தார்.

மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். வீடுகளிலிருந்து ஒரு நிபந்தனை வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் யாராவது ஒரு தாய் கிரவுண்டில் இருக்க வேண்டும். அதை அவரிடம் சொன்னபோது இரண்டு பேராக இருக்கட்டும் என்றார். போட்டோ ஒட்டிய அட்டைகளை நாங்கள் தமிழில் அடித்தோம். பிறந்த தேதி போடவில்லை. எல்லாவற்றையும் என் அலுமாரியிலேயே பூட்டி வைத்துக்கொண்டேன். என் சந்தேகம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அவர் யாரோடாவது தனியாகப் பேசினால் என் கால் தானாக அந்தப் பக்கம் நடந்தது. அவரும் அதைக் கவனித்தார். நான் நெருங்கினால் ஒரு அடி பின்வாங்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்திக்கொள்வார்.

அந்த வருடம் கண்டியில் நடந்த போட்டியில் அரையிறுதிவரை போனோம். அதற்கு முன் முதல் சுற்றைத் தாண்டியதே இல்லை. அரையிறுதியில் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். அந்த ஒன்றைக் கெப்டன்தான் அடித்தாள். எதிரணிக்காரி பந்தைப் பார்த்த நேரத்தில் முதுகுக்குப் பின்னால் போய் அடித்தாள். அவர் கோட்டுக்கு வெளியே நின்று தன் மொழியில் என்னவோ கத்தினார். ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் அழுதார்கள். அவர் எல்லோருக்கும் தண்ணீர் போத்தல்களைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். குடித்தேன்.

மனைவியின் வேலை முடிந்து அவர்கள் புறப்பட்டபோது பேராதனையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் சேர்ந்து வாங்கிய தேயிலைப் பெட்டியைக் கொடுக்கத்தான் போனேன். அவர் வெளியே போயிருந்தார். மனைவி தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, என்னிடம் ஒன்று கேட்கலாமா என்றார்.

"அன்று பொலிஸுக்குச் சொன்னது நீங்கள்தான் என்று அவர் நினைக்கிறார். ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் நினைக்கிறார். அப்படி இருக்காது என்று நான் சொல்லிப் பார்த்தேன். உண்மையா?"

இரண்டு வருடமாக ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறோம். நான் அவரை அளந்துகொண்டிருந்த நேரமெல்லாம் அவரும் என்னை அளந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். அதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. பொலிஸுக்குச் சொன்னது நான் அல்ல. அதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம், அது பொய்யும் ஆகாது. ஆனால் கெப்டனின் அம்மாவிடம் பாடசாலை வாசலில் என்ன சொன்னேன் என்பதை வார்த்தைக்கு வார்த்தை அந்த மனைவியிடம் சொன்னேன். காய்ச்சல் இல்லாமலே வீட்டில் இருந்ததையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோப்பையை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து, "அவரிடம் சொல்கிறேன்," என்றார்.

சொன்னாரா என்று தெரியாது. பின்லாந்துக்காரர் இப்போது தன் ஊரில் மறுபடியும் ஒரு பெண்கள் அணியைப் பார்த்துக்கொள்கிறார். பனி மூடிய கிரவுண்டில் பிள்ளைகளோடு நிற்கும் படங்களைக் கெப்டனின் ஃபோனுக்கு அனுப்புகிறார். அவள் கடை இடைவேளையில் எனக்குக் காட்டுவாள். கோல்காப்பாளர் எப்படி இருக்கிறாள், இடது காலால் அடிக்கப் பழகினாயா, அம்மாவின் உடம்பு எப்படி என்று எல்லோரையும் பெயர் சொல்லி விசாரித்திருப்பார். என்னை இதுவரை விசாரித்ததில்லை. கெப்டன் அதைக் கவனிக்காததுபோல் ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொள்வாள்.